டவரும் வேணும், அளவும் தெரியணும்: திண்ணனூர் நாட்டிலிருந்து ஒரு பதிவு



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஆனா நம்ம ஆட்கள் முழுசா படிக்கணும். ஏன்னா இது எதிர்த்தரப்பு மேல வைக்கிற குற்றச்சாட்டு இல்ல. நாமளே செஞ்சுக்கிட்டு இருக்கிற ஒரு தப்பைப் பத்தினது.

போன வாரம் நம்ம ஒன்றிய வாட்ஸ்அப் குழுவுல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. "செல்போன் டவர் வந்தால் கரு கலையும், தேனீ சாகும், பலா காய்க்காது. மலைவாழ் மக்களே விழித்தெழுங்கள்!" அதுக்குக் கீழ நம்ம நிர்வாகி ஒருத்தரே எழுதியிருந்தார்: "சூப்பர், இதை எடுத்து டவருக்கு எதிரா போராட்டம் பண்ணினா மலை ஓட்டு நமக்குத்தான்."

நான் அதே மலைக்காரன். கொல்லிமலையில திண்ணனூர் நாடு. படிச்சது எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் இன்ஜினீயரிங். அதனால அமைதியா கடந்து போக முடியல.

முதல்ல எங்க ஊரு நிலைமையைச் சொல்றேன். கீழ இருக்கிறவங்களுக்குக் கொல்லிமலைன்னா காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், ஆடியில வல்வில் ஓரி விழா. எங்களுக்கு அது 14 நாடுகளா பிரிஞ்ச மலை. செம்மேட்டுலயும் சோளக்காட்டுலயும் நின்னு பார்த்தா போன்ல நாலு கோடு காட்டும். அதைப் பார்த்துட்டு "மலையில எல்லாம் சிக்னல் இருக்கே"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஆனா மேடும் பள்ளமுமா இருக்கிற இடம் இது. ஒரு குன்றைத் தாண்டிப் பள்ளத்துல இறங்கினா எல்லாக் கோடும் போயிடும். எங்க குடியிருப்பும் அப்படி ஒரு பள்ளத்துலதான் இருக்கு. பேசணும்னா மேல இருக்கிற பாறைக்குப் போகணும். எங்க ஊர்ல அதுக்குப் பேரே "போன் பாறை".

கொரோனா நேரத்துல ஆன்லைன் வகுப்புன்னு அறிவிச்சப்போ எங்க ஊர்ப் பிள்ளைங்க அந்தப் பாறையில குடை பிடிச்சு உக்காந்து படிச்சாங்க. நானும் கடைசி வருஷப் பாடத்தை அங்க உக்காந்துதான் கேட்டேன்.

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி எங்க அண்ணிக்கு வலி வந்துச்சு. அண்ணன் டார்ச்சை எடுத்துக்கிட்டு மழையில பாறைக்கு ஓடினார். 108-க்கு அடிச்சு, வழி சொல்லி, இறங்கி வர்றதுக்குள்ள முக்கால் மணி நேரம் போயிடுச்சு. அந்த முக்கால் மணி நேரமும் அண்ணி பக்கத்துல அம்மாவும் அப்பாயியும் மட்டும்தான். தாயும் பிள்ளையும் நல்லபடியா இருக்காங்க. ஆனா அன்னைக்கு ராத்திரி எங்க அம்மா முகத்தை நான் மறக்க மாட்டேன்.

இப்போ எங்க பக்கம் ஒரு டவர் போடலாம்னு பேச்சு வந்திருக்கு. அதே நேரத்துல இந்த ஃபார்வர்டும் வந்திருக்கு. டீக்கடையில பெரியப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"ஏங்கண்ணு, நீ இன்ஜினீயருக்குப் படிச்சவன். டவரு வந்தா புள்ளைங்களுக்கு ஆகாதாமே? கேன்சரு வருமாமே?"

"அப்படி நிரூபணம் ஆகல பெரியப்பா"ன்னேன்.

"அப்போ ஒண்ணுமே ஆகாதுன்னு எழுதிக் குடுப்பியா?"

எனக்கு டக்குனு பதில் வரல. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்க எழுதுறேன்.

◾ கதிர்வீச்சுன்னா என்ன?

இந்த வார்த்தையைக் கேட்டாலே நமக்கு ஹிரோஷிமாவும் எக்ஸ்ரேயும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்க இருக்கிறது வேற வகை. எக்ஸ்ரே, காமா கதிர்களுக்கு நம்ம உடம்பு அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியிற சக்தி உண்டு. அதனால மரபணு சிதையலாம். செல்போன் அலை ரேடியோ அலையோட குடும்பம். அதுக்கு அந்தச் சக்தி கிடையாது. அளவு ரொம்ப அதிகமானா அது உடம்பைச் சூடாக்கும். உலகம் முழுக்க பாதுகாப்பு வரம்புகளை அந்தச் சூட்டை அடிப்படையா வச்சுத்தான் போட்டிருக்காங்க.

"அப்போ உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் பட்டியல்ல சேர்த்திருக்கே?"ன்னு கேப்பாங்க. உண்மைதான். அந்த நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2011 மே 31-ல ரேடியோ அலையை '2பி' பிரிவுல வச்சது. "புற்றுநோய் தரக்கூடிய சாத்தியம் இருக்கலாம், ஆதாரம் குறைவு"ங்கிறதுதான் அந்தப் பிரிவுக்கு அர்த்தம். அதே பிரிவுல ஆசிய நாடுகளோட பாரம்பரிய ஊறுகாய் வகையும் இருக்கு, முழுக் கற்றாழைச் சாறும் இருக்கு. "உறுதியா புற்றுநோய் தரும்"னு சொல்ற முதல் பிரிவுல இருக்கிறது புகையிலை, சாராயம், அப்புறம் வெற்றிலை பாக்கு. புகையிலை சேர்க்காத வெறும் வெற்றிலை பாக்கும் அதுல அடக்கம். டவரைப் பத்தி என்கிட்ட கேட்டப்போ பெரியப்பா வாய்ல அதுதான் இருந்துச்சு. சொன்னேன். முறைச்சார்.

அதுக்கு அப்புறமும் ஆராய்ச்சி நிக்கல. 2018-ல அமெரிக்க அரசு எலிகளை வச்சு நடத்தின ஆய்வுல, உடம்பு முழுக்க மிக அதிக அளவுல அலை பட்ட ஆண் எலிகளுக்கு இதயத்துல கட்டி வந்ததுன்னு சொன்னாங்க. அதை மறைக்க வேண்டியதில்ல. 2024-ல உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கிட்டபடி ஒரு பெரிய மறுபரிசீலனை வந்துச்சு. 1994-ல இருந்து 2022 வரைக்கும் மனுஷங்க மேல நடந்த 63 ஆய்வுகளை ஒண்ணா வச்சுப் பார்த்தாங்க. செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியல. பத்து வருஷத்துக்கு மேல பயன்படுத்தினவங்களுக்கும் தெரியல.

◾ நம்ம நாட்டு வரம்பு எவ்வளவு?

2012 செப்டம்பர் 1-ல இருந்து இந்தியாவுல டவருக்கு வச்ச வரம்பு, சர்வதேச வரம்புல பத்துல ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு சர்வதேச வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா வச்சது 0.45 வாட். மீறினா அபராதம் உண்டு. 2013-ல அதை 10 லட்சம் ரூபாய் வரைக்கும் உயர்த்தினாங்க.

கையில இருக்கிற போனுக்கும் தனி வரம்பு இருக்கு. உடம்பு உறிஞ்சுற அளவு ஒரு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. உங்க போன்ல *#07# அடிச்சுப் பாருங்க. நிறைய மாடல்ல அந்த எண் திரையில வரும்.

◾ ஒரு சின்னக் கணக்கு

கல்லூரியில முதல்ல சொல்லிக் கொடுத்த பாடம் இது. அலை தூரம் போகப் போகப் பரவி மெலிஞ்சிடும். தூரம் ரெண்டு மடங்கானா பலம் நாலுல ஒண்ணு. தூரம் பத்து மடங்கானா பலம் நூறுல ஒண்ணு.

டவர் ஆண்டெனா ஒண்ணுக்கு 20 வாட் கொடுக்குறாங்கன்னு வைங்க. ஆண்டெனா அதை ஒரு பக்கமா குவிக்குது. அதனால அந்தத் திசையில 1,000 வாட் மாதிரி தெரியும். நேர் எதிர்ல 100 மீட்டர் தள்ளி நின்னா ஒரு சதுர மீட்டருக்கு வர்றது சுமார் 0.008 வாட். அதே திசையில அஞ்சு ஆண்டெனா இருந்தாலும் 0.04 வாட். நம்ம வரம்பு 0.45.

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. 100 மீட்டர் தள்ளி நிக்கிற மனுஷனோட உடம்பு முழுக்க ஒரு ஆண்டெனாவுல இருந்து விழுறது அஞ்சாறு மில்லிவாட். அவர் காதுல ஒட்டி வச்சிருக்கிற 4ஜி போன் அதிகபட்சமா 200 மில்லிவாட் வரைக்கும் அனுப்பும். பெரியப்பா வச்சிருக்கிற மாதிரி பட்டன் போன், 2ஜில, விட்டு விட்டுத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பும் 2 வாட் வரைக்கும் போகும். சராசரியா பார்த்தா கால் வாட்.

முக்கியமான விஷயம் இனிமேதான். போன் எப்பவும் அவ்வளவு பலமா அனுப்பாது. டவர் பக்கத்துல இருந்தா மெதுவா பேசும். டவர் தூரத்துல இருந்தா கத்தும். நாம காட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கம் இருக்கிறவரைக் கூப்பிடுற மாதிரி. நல்ல சிக்னல்ல ஒரு போன் அனுப்புற பலம், சிக்னல் இல்லாத இடத்துல அனுப்புறதுல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கீழ இறங்கும்.

அப்போ மலையில அதிகமா அலை வாங்குறது யாரு? டவர் இருக்கிற செம்மேட்டுக்காரரா, டவர் இல்லாத பள்ளத்துல ஒரு கோடு சிக்னலுக்குக் காதை அழுத்தி "ஹலோ ஹலோ"ன்னு கத்துற எங்க ஆளா? எங்க ஆளுதான். டவர் வேண்டாம்னு விரட்டினா நம்ம காதோரம் இருக்கிற அலை குறையாது, கூடத்தான் செய்யும்.

இதைக் கேட்ட பெரியப்பா சும்மா விடல. "போனை வச்சுட்டு நான் தோட்டத்துக்குப் போயிடுவேன். டவரு ராவும் பகலும் நிக்குமே?"ன்னார்.

சரியான கேள்வி. இதை "படிக்காத ஜனம் எதுக்கெடுத்தாலும் பயப்படும்"னு தள்ளிவிடுற ஆளுங்க நம்ம கட்சியிலயும் இருக்காங்க, அதிகாரிகள்லயும் இருக்காங்க. எழுந்து போக முடியாத இடத்துல குடியிருக்கிறவன் கேக்குற கேள்வி அது. அதனாலதான் வரம்பைப் பத்துல ஒண்ணா வச்சாங்க. அந்த வரம்புக்குள்ள இருக்காங்கிறதை அளந்து காட்டச் சொல்ற உரிமை அவருக்கு இருக்கு. நான் மேல போட்டது பேப்பர் கணக்கு. பேப்பரை நம்பச் சொல்லி அவரை நான் கேக்க மாட்டேன்.

◾ பயம் எங்கெல்லாம் கொண்டு போய் விட்டிருக்கு?

2018-ல '2.0' படம் வந்துச்சு. டவர் அலையால பறவைங்க சாகுதுன்னு கதை. படம் பார்த்துட்டு வந்த பசங்க சிட்டுக்குருவியை டவர்தான் கொன்னுச்சுன்னு இன்னைக்கும் சொல்றாங்க. ஓட்டு வீடு போய் கூடு கட்ட இடம் இல்லாம போனது, பூச்சிமருந்தால குஞ்சுக்குப் புழு கிடைக்காம போனதுன்னு பல காரணம் அதுக்குப் பின்னாடி இருக்கு. எங்க மலையிலயே சாமையும் கேழ்வரகும் விளைஞ்ச நிலத்துல பாதி குச்சிக்கிழங்கா மாறிடுச்சு. தேன் குறையுதுன்னு கவலைப்படுறவங்க அதையும் சேர்த்துப் பேசணும். பறவை, தேனீ மேல அலை என்ன செய்யுதுன்னு தொடர்ந்து ஆராயட்டும். அதுல எனக்கு மறுப்பு இல்ல.

2020 ஏப்ரல்ல இங்கிலாந்துல 5ஜிதான் கொரோனாவைப் பரப்புதுன்னு வதந்தி கிளம்பி டவர்களுக்குத் தீ வச்சாங்க. அந்த வதந்தி அடுத்த வருஷம் இங்க வந்துச்சு. ரெண்டாவது அலையில மக்கள் ஆக்சிஜனுக்கு அலைஞ்ச 2021 மே மாசம், "5ஜிக்கும் கொரோனாவுக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு தொலைத்தொடர்புத் துறை அறிக்கை விட வேண்டிய நிலைமை. அப்போ இந்தியாவுல 5ஜி சேவையே ஆரம்பிக்கல!

இன்னொரு பக்கமும் சொல்லணும். 2012 நவம்பர்ல ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளிக்கூடம், மருத்துவமனை பக்கத்துல இருக்கிற டவர்களை அகற்றச் சொல்லுச்சு. 2017-ல குவாலியரைச் சேர்ந்த ஒரு வீட்டு வேலைத் தொழிலாளி தொடுத்த வழக்குல, பக்கத்து வீட்டு மாடியில இருந்த டவரை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. எளிய மனுஷன் கேட்டா நீதிமன்றம் காது கொடுத்திருக்கு. அதனால கேள்வி கேக்குறது தப்பில்ல. பதில் வர்றதுக்கு முன்னாடியே ஜனங்களைப் பயமுறுத்தி ஓட்டு வாங்கப் பாக்குறதுதான் தப்பு.

◾ அளக்க வழி இருக்கா?

இருக்கு. 2017 மே மாசம் மத்திய அரசு 'தரங் சஞ்சார்'னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சது. உங்க வீட்டைச் சுத்தி எந்த டவர், எந்தக் கம்பெனி, விதிப்படி இருக்கான்னு அதுல பார்க்கலாம். சந்தேகம் இருந்தா உங்க இடத்துக்கே வந்து அளக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அதுக்கு வச்ச கட்டணம் 4,000 ரூபாய்.

இங்கதான் எனக்குக் கோபம் வருது. இணையதளம் பார்க்க சிக்னல் வேணும். சிக்னல் இல்லாத ஊர்க்காரன் பாறைக்கு ஏறித்தான் அதைத் திறக்கணும். திறந்து, விண்ணப்பம் போட்டு, மிளகு பறிச்ச கூலியில இருந்து 4,000 ரூபாய் கட்டணும். "எங்க வீட்டுப் பக்கத்துல இருக்கிறது பாதுகாப்பா?"ன்னு கேக்க ஒரு மலைவாழ் குடும்பம் எதுக்குக் காசு கட்டணும்? டவர்ல சம்பாதிக்கிறது கம்பெனி. அலைக்கற்றையை ஏலம் விட்டுச் சம்பாதிக்கிறது அரசு. அளக்குற செலவு மட்டும் எங்க தலையில.

அதே மாதிரி, இணைப்பே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டு போக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. நல்ல திட்டம். ஆனா ஊரைக் கணக்கெடுக்கும்போது பஞ்சாயத்துத் தலைமை இடத்துல சிக்னல் இருந்தா பஞ்சாயத்து முழுக்க இருக்குன்னு எழுதிடக் கூடாது. மலையில குடியிருப்பு குடியிருப்பா நடந்து போய்ப் பார்க்கணும்.

◾ நாம வைக்க வேண்டிய கோரிக்கை

"டவர் வேண்டாம்"னு ஒரு வரி எழுதுறது சுலபம். நம்ம கட்சி அதை விட்டுட்டு இதைக் கேக்கணும்னு என் கருத்து:

1. சிக்னல் இல்லாத ஒவ்வொரு குடியிருப்புக்கும் டவர் வரணும். ராத்திரி 108-க்கு அடிக்க யாரும் பாறை ஏறக் கூடாது.

2. டவர் ஓட ஆரம்பிச்ச உடனே ஊர் ஜனங்க முன்னாடி அளக்கணும். வீட்டு வாசல், பள்ளிக்கூடம், அங்கன்வாடி, மூணு இடத்துலயும் அளக்கணும். வந்த அளவும் வரம்பும் டவர் வேலியில தமிழ்ல பலகையா தொங்கணும். வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்கணும்.

3. கிராமசபை தீர்மானம் போட்டு அனுப்பினா அந்த 4,000 ரூபாய் கட்டணம் இல்லாம அளந்து கொடுக்கணும். குறைஞ்சபட்சம் மலைப் பஞ்சாயத்துகளுக்காவது.

4. இடத்தைக் கிராமசபையில பேசி முடிவு பண்ணணும். வாடகை யாருக்கு, எத்தனை வருஷம், ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு சபையில சத்தமா படிக்கணும்.

5. டீசல் ஜெனரேட்டர் சத்தமும் புகையும் டவர் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அன்றாடத் தொல்லை. சோலாரும் பேட்டரியும் முதல்ல, ஜெனரேட்டர் கடைசியில.

கூடவே ஒரு எச்சரிக்கை. "உங்க நிலத்துல டவர் வைக்கிறோம், முன்பணம் கட்டுங்க"ன்னு யாராவது போன் பண்ணினா அது மோசடி. டவர் வைக்கிறவங்கதான் நமக்கு வாடகை கொடுக்கணும். ஒரு பைசா அனுப்பாதீங்க.

◾ அதுவரைக்கும் நாம செய்யக்கூடியது

ஒரு கோடுதான் சிக்னல்னா காதுல ஒட்டி வச்சு நீளமா பேசாதீங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, இல்ல இயர்போன் மாட்டுங்க. ஒரு சாண் தள்ளிப் போனாலே பெரிய வித்தியாசம். சின்னப் பிள்ளைங்க காதுல வைக்கிறதைக் குறைங்க. தூங்கும்போது தலையணைக்கு அடியில வேண்டாம். இதெல்லாம் பயந்து செய்ய வேண்டியதில்ல. செலவில்லாத முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான்.

நம்ம குழுவுல அந்த ஃபார்வர்டைப் போட்ட அண்ணனுக்கு ஒரு வார்த்தை. அண்ணே, நீங்க கட்சிக்கு நல்லது நினைச்சுத்தான் போட்டீங்க, தெரியும். இந்தப் பயத்தை வச்சு ஒரு தேர்தல் வேணா ஜெயிக்கலாம். ஆனா டவர் வராம போய், ஒரு ராத்திரி ஒரு பொண்ணு வலியில துடிக்கும்போது பாறைக்கு ஓடின ஆளு திரும்பி வர்றதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா, அந்த வீட்டுக்கு நாம என்ன முகத்தோட துக்கம் கேக்கப் போவோம்? அந்தப் பதிவை நீக்கிடுங்கண்ணே. அந்த இடத்துல மேல இருக்கிற அஞ்சு கோரிக்கையைப் போடுங்க.

பெரியப்பாவுக்கு என் பதில்: ஒண்ணுமே ஆகாதுன்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாது பெரியப்பா. எந்த விஞ்ஞானியும் எதுக்கும் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டார். இன்னைக்குத் தெரிஞ்ச வரைக்கும் பயப்பட ஆதாரம் இல்ல. அளவு வரம்புக்குள்ள இருக்கான்னு உங்க கண் முன்னாடி அளந்து காட்டச் சொல்லி நான் கிராமசபையில எழுந்து நின்னு கேப்பேன். மீட்டர் வர்ற அன்னைக்கு முதல் ஆளா நீங்க பக்கத்துல நில்லுங்க.

அடுத்த கிராமசபைக்கு தீர்மான நகலை எழுதி வச்சிருக்கேன். உங்க பஞ்சாயத்துக்கு வேணும்னா கமெண்ட்ல ஊர்ப் பேரைப் போடுங்க, அனுப்புறேன். ஏற்காடு, கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி மலைச் சொந்தங்களும் எடுத்துக்கலாம். பெயரை மட்டும் மாத்திக்கங்க.

படிச்சவங்க பகிருங்க. குறிப்பா அந்த ஃபார்வர்டு வந்த குழுவுல பகிருங்க.

தகவல் தொழில்நுட்ப அணி, கொல்லிமலை ஒன்றியம்

#டவரும்வேணும்_அளவும்தெரியணும் #கொல்லிமலை #திண்ணனூர்நாடு #கிராமசபை